காந்தல்: அடுப்படியில் இருந்து ஒரு சொல்

மலையகத் தோட்டமொன்றில் ஒரு நாள் தங்கியிருந்தால் ஒரு சொல்லைப் பத்துத் தடவையாவது கேட்கலாம். சோறு காந்திப் போச்சு. கண்ணு காந்துது. கையி காந்துது. வயிறு காந்துது. சில வேளைகளில், குரலைத் தாழ்த்தி, மனசு காந்துது.

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்து வரும் நான், இந்தச் சொல் காதில் விழும் போதெல்லாம் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதுண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வறுமை, போசாக்கின்மை, குடும்ப வன்முறை என்ற சொற்களைப் படித்தேன். லயத்து அடுப்படியில் அந்தச் சொற்களை யாரும் சொல்வதில்லை. அவற்றுக்கெல்லாம் அங்கே புழங்குவது காந்தல் என்ற ஒரே சொல்தான்.

நெருப்பு செய்யும் வேலைக்குத் தமிழில் சொற்கள் நிறைய உண்டு. வாழையிலையை வாட்டுகிறோம். கருவாட்டைச் சுடுகிறோம். ஆட்டுத் தலையைப் பொசுக்குகிறோம். பால் தீய்ந்து போகிறது, றொட்டி கருகுகிறது, விறகு எரிகிறது. காந்துவது இவை எல்லாவற்றிலும் வேறானது. சுவாலை இராது, புகையும் முதலில் வராது. மேலே சோறு வெள்ளையாகவே இருக்கும், அடியில் பிடித்திருக்கும். மணம் வந்த பின்னர்தான் தெரியும். அகராதிகளும் இந்தச் சொல்லுக்குக் கருகுதல், எரிவெடுத்தல், மனம் கொதித்தல் என்று பல பொருள் தருகின்றன. பானைக்கும் புண்ணுக்கும் மனதுக்கும் ஒரு சொல் போதும் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். அதிலும் அந்த முன்னோர் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பானையடியை உரசிக் கழுவியவர்களுக்குத்தானே இந்த வேறுபாடு தெரியும்.

பானையில் இருந்தே தொடங்குவோம்.

கொழுந்து பறிக்கும் பெண் அதிகாலை நான்கு மணியளவில் எழும்புகிறாள். தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, காலைக்கு றொட்டி தட்டி, பகலுக்குச் சோறு வைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கோ பிள்ளைக்காம்பராவுக்கோ ஆயத்தப்படுத்தி விட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பானை அடுப்பில் இருக்கும்போதே அவள் பீலிக்கரையில் வரிசையில் நிற்பாள். ஈர விறகு என்றால் நெருப்புத் தணிந்து கிடந்து, பார்க்காத நேரத்தில் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். சோறு காந்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை. பெண்ணின் கவனக்குறைவு என்று வீட்டில் ஏச்சு விழும். ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் காந்தல் யாருக்குப் போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மேல் சோறு கணவருக்கும் பிள்ளைகளுக்கும். நடுப்பகுதி மாமியாருக்கு. அடிப்பிடித்ததைச் சுரண்டிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தான் சாப்பிடுவது சமைத்தவள். "காந்தல்தான் ருசி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் போன வீடுகளில் அந்த ருசியை ஆண்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை ஒருதரம் கூடக் கண்டதில்லை. மலையகத்தில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தசோகையைப் பற்றியும் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் கருத்தரங்குகள் நடக்கின்றன. பானையின் எந்தப் பகுதி யாருடைய கோப்பைக்குப் போகிறது என்ற கேள்வியை அங்கே யாராவது கேட்டால் நல்லது.

(சோறு காந்தி விட்டால் கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். உடனே இறக்கிப் பானையின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, மேல் சோற்றை மட்டும் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காந்தல் மணம் மேலே ஏறாது. கரிந்த பகுதியைச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை.)

கையும் கண்ணும்

தேயிலை ஸ்டோரிலும் சூட்டுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். நீண்ட தட்டுகளில் பரப்பி, அடியில் இருந்து காற்று விட்டு, பல மணி நேரம் ஈரத்தை இழக்க வைப்பது அது. பின்னர் அரைத்து, காற்றுப்படப் பரப்பிச் செந்நிறமாக்கி, கடைசியாகச் சூட்டு இயந்திரத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம் உலர்த்துவார்கள். அங்கே சூடு கொஞ்சம் மிஞ்சினால் தேயிலையில் காந்தல் மணம் ஏறிவிடும். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் ஒரு மிடறிலேயே அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்து விடுவார்கள். தேயிலை காந்தினால் உடனே கண்டுபிடிக்க உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

பறிக்கும் கைக்கு அப்படி ஒருவரும் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் பள்ளங்களில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று பாரமானது, அதனால் மேட்டில் இருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கொழுந்தின் உள்ளே இருக்கும் நீர் உறைந்து, வெயில் ஏறும்போது இலை தீயில் பிடித்தது போலக் கறுத்து விடும். நெருப்பே இல்லாமல் கருகும் விந்தை அது. பனி விழுந்த மலையில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கு எட்டாது, எட்டாவிட்டால் அரைப்பேர்தான். அந்தக் குளிரில் ஈரச் செடிக்குள் கைவிட்டுப் பறித்தவளின் விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புக்குள் தேயிலைச் சாயம் இறங்கி, இரவு சம்பலுக்கு மிளகாய் அரைக்கும்போது காந்தும். உரம் போடும் நாளில் வெறுங்கையால் அள்ளிப் போட்டவர்களுக்கும் அப்படித்தான். கையுறை கேட்பது ஆடம்பரம் என்று பல பெண்களே நினைக்கிறார்கள். அது தொழிலாளியின் உரிமை என்பதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண் காந்துவது அடுப்பால். வெள்ளையர் காலத்தில் கட்டிய லயங்கள் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, ஏதாவது ஒரு மூலையில் அடுப்பு. புகைபோக்கி இல்லாத வீடுகளே அதிகம். குளிருக்காகக் கதவையும் சாத்தி விடுவார்கள். விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் புகை 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் பேரின் உயிரைக் குடித்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. "கண்ணுதானே காந்துது" என்று நாம் சொல்லும்போது அதே புகை நெஞ்சுக்குள்ளும் போகிறது. 1980களில் இருந்து இலங்கையில் பரவிய இரட்டை வாய்க் களிமண் அடுப்பான 'அனகி' விறகை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அடுப்பை மாற்றினால் மட்டும் போதாது, புகை வெளியே போக வழியும் வேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து எரிவாயு கிடைக்காமல் போன மாதங்களில், விறகை விட்டுவிட்டிருந்த நகரத்துப் பெண்களும் திரும்ப ஊதுகுழலைத் தூக்கினார்கள். அப்போது கண் காந்தல் நாடு முழுவதற்கும் பொதுவாகியது.

வயிறு

இந்தப் பத்திரிகையை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு நான் எழுதுவது புதிதாக இராது. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ ஹட்டனில், பதுளையில், நாவலப்பிட்டியில் கொழுந்து பறித்தவராக இருக்கலாம். அவர் ஏன் வன்னிக்கு வந்தார் என்ற கதைக்குள்ளும் இந்தச் சொல் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். சொந்தக் காணி இல்லை, பயிரிட நிலம் இல்லை. 1970களின் முற்பகுதியில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தபோது, கடையில் வாங்கினால்தான் சாப்பாடு என்றிருந்த மக்கள் முதலில் விழுந்தார்கள். 1974ஆம் ஆண்டு தோட்டப் பகுதிகளின் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிகவும் உயர்ந்திருந்தது. அந்தக் காலத்தைக் கடந்த மூதாட்டிகள் இன்றும் தோட்டங்களில் இருக்கிறார்கள். பஞ்சம் என்று ஒருவரும் சொல்வதில்லை. "வயிறு காந்துன வருசம்" என்கிறார்கள்.

அந்தப் பசியில் சிலர் வன்னிக்கு இறங்கினார்கள். 1977 ஆகஸ்ட் வன்செயலில் இன்னும் பலர். 1983 யூலைக்குப் பிறகு மேலும் பலர். காடு வெட்டி, கொட்டில் போட்டு, பாதுகாப்பு என்று நம்பி வந்த இடம் அது. யுத்தம் அங்கே வந்தது. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். வன்னியில் மீள்குடியேறிய பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஒன்றாக இருந்த ஒரு பயிற்சிப் பட்டறையில், பிள்ளைக்குக் கொடுக்கக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி ஒரு தாய் பேசினார். பேச்சு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்துகொண்டிருந்தது. பசி என்ற இடம் வந்ததும் "வயிறு காந்தினது" என்றார். எனக்கு அடுத்து இருந்த ஹட்டன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம் தங்கச்சி?" என்று கேட்டு விட்டார். அவருடைய தாய் டிக்கோயாவில் பிறந்தவராம். நிகழ்ச்சி நிரலில் இருந்த அடுத்த தலைப்பு அன்றைக்கு நடக்கவில்லை.

சுட்ட புண்

இனிச் சொல்லப் போவதைக் கவனமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரம் வராத காலத்தில் தோட்டங்களில் குப்பி விளக்குத்தான். போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளையிட்டுத் திரி போட்டது. பிள்ளை தட்டினால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், சட்டையில் பற்றும். இப்படித் தீப்பட்டு வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி உள்ள கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். அதற்கு எண்ணம் தந்தது மார்மைட் போத்தலாம். விழுந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. 'சுதீப' என்று பெயர். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு எண்ணெயில் எரித்த விளக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் வந்த பின்னும் மின்வெட்டு நாட்களில் குப்பி விளக்கு எடுபடுவதால் இதை எழுதுகிறேன்.

சூடு பட்டால், எதுவானாலும் முதலில் தண்ணீர். ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் விட வேண்டும். இருபது நிமிடம் நீளமாகத் தெரியும், ஆனாலும் விட வேண்டும். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்னமே கழற்றுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை, நெய், மஞ்சள், தேயிலைச் சக்கை ஒன்றும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போகலாம். பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிய காயம் என்றால், அல்லது முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றால், அல்லது பட்டது குழந்தை என்றால், வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. மேல் தோலில் மட்டும் பட்ட சூடு சிவந்து நன்றாகக் காந்தும். ஆழமாக இறங்கிய சூடு காந்தாது. வலியைச் சொல்லும் நரம்பு முனைகளே வெந்து போவதுதான் காரணம். அந்த இடம் வெள்ளையாகவோ மெழுகு போலவோ கறுத்தோ இருக்கும், தொட்டால் உணர்வு இராது. "காந்தலியே, ஒண்ணுமில்ல" என்று வீட்டில் இருந்து விடுவார்கள். காந்தாத சுட்ட புண்தான் மிகவும் ஆபத்தானது.

இது எனக்கு ஒரு முதல் உதவி வகுப்பில் தெரிய வந்தது. அதன் பயன் தெரிந்தது ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்த பெண்ணொருவரிடம் என்னக்கா என்று கேட்டேன். "றொட்டிக் கல்லு பட்டுருச்சி மிஸ்" என்றார். காந்துதா என்று கேட்டேன். "இல்ல மிஸ், காந்தவே இல்ல." துணியை அவிழ்க்கச் சொன்னேன். தட்டையான கல்லு பட்ட அடையாளமாக அது இல்லை. அந்த நேரம் கல்லைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, வாங்க போவோம் என்று மட்டும் சொன்னேன். பெரிய வைத்தியசாலையில் தோல் ஒட்டும் சிகிச்சை வரை போனது. மூன்றாவது தடவை பார்க்கப் போனபோதுதான் கொள்ளிக் கட்டையைப் பிடித்திருந்த கை யாருடையது என்று சொன்னார். அதையும் அழாமல், சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். பிள்ளைகளின் வயதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் பதில் சொன்னார்.

யுத்தத்தைக் கண்ட பெண்களோடு வேலை செய்யும் தோழியரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அழுது, கோபப்பட்டு, "மனசு காந்துது" என்பவரோடு பேச்சைத் தொடங்க முடிகிறது. எல்லாவற்றையும் இழந்தவர் எதுவும் ஆகாதது போலப் பதில் சொல்லும்போதுதான் அவர்கள் அடுத்த வாரமும் அந்த வீட்டுக்குப் போகிறார்களாம். விண்ணப்பப் படிவத்தில் 'பிரச்சினை எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு விட்டு வருவது இலகு. எங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், அவர் எந்தச் சொல்லால் சொன்னாரோ அதை அப்படியே எழுத ஒரு கோடு விட்டிருக்கிறோம். நான் வற்புறுத்தித்தான் விட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு உதவியது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இது கணவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு பன்னிரண்டு மாதம் வரைக்குமான கட்டளை. அடிக்கக் கூடாது, வீட்டுக்குள் வரக் கூடாது, வேலைத்தலத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடை போடலாம். கட்டளையை மீறினால்தான் அது தண்டனைக்குரிய குற்றமாகிறது. பேசுவதற்கே ஆளில்லை என்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தில் உங்களுக்கு நம்பிக்கையான மருத்துவிச்சியிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ சொல்வதும் ஒரு தொடக்கம்தான்.

அவர் இப்போது தாய் வீட்டு லயத்தில் இருந்து மலைக்குப் போகிறார். ஒட்டிய தோல் குளிருக்கு இறுகுகிறது என்று தேங்காயெண்ணெய் பூசுகிறார். வேகமாகப் பறிக்க முடியாததால் சில நாட்களில் அரைப்பேர்தான் விழுகிறது, அதைப் பற்றித் தோட்ட நிர்வாகத்தோடு தொழிற்சங்கப் பெண் தலைவி ஒருவர் பேசிக் கொண்டிருக்கிறார். போன மாதக் கூட்டத்தில் அவர் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அடிச் சோறு வந்ததும் நிறுத்தி, அதை நாய்க்குப் போட்டு விட்டுத் தனக்கு மேல் சோற்றில் இருந்து எடுத்துக்கொண்டார்.